ஃபிளாட் லீஸை நீட்டிப்பதா, ஃப்ரீஹோல்டை வாங்குவதா? இங்கிலாந்தில் படிப்படியாக

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஃபிளாட் வாங்குபவர்கள் கைக்குப் பெரும்பாலும் வருவது லீஸ்தான். நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டருடையவை. நமக்கு 99 அல்லது 125 ஆண்டு உரிமை. ஆண்டுகள் குறையக் குறைய விலை இறங்கும், வங்கிகளும் கடன் தரத் தயங்கும். ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு, அதை இங்கே சேர்க்கவில்லை.

முதல் படி: மிச்சம் எத்தனை ஆண்டு?

லீஸ் பத்திரத்தை எடுங்கள். கையில் இல்லையென்றால் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் சில பவுண்டுகள் கட்டி டைட்டில் ரெஜிஸ்டரை இறக்கிக்கொள்ளலாம். அதில் "24 ஜூன் 1982 முதல் 125 ஆண்டுகள்" என்பது போல ஒரு வரி இருக்கும். அந்தத் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. இந்த லீஸ் 2107 ஜூனில் முடிகிறது. 2027 ஜூனில் மிச்சம் 80 ஆண்டு.

அந்த 80-ஐத்தான் கவனிக்க வேண்டும். மிச்சம் 80 ஆண்டுக்கு மேல் இருக்கும்போதே நீட்டிப்பு கேட்டு ஃப்ரீஹோல்டருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டால், ஃப்ரீஹோல்டர் இழப்பதற்கு மட்டும் ஈடு கட்டினால் போதும். மிச்சம் 80-க்கு வந்துவிட்டால் 'மேரேஜ் வேல்யூ' என்று ஒன்று சேரும், அதாவது நீட்டிப்பதால் ஃபிளாட்டுக்குக் கூடும் மதிப்பில் அவருக்கும் ஒரு பங்கு. உதாரணத்துக்கு, ஃபிளாட் இப்போது 3,00,000 பவுண்டு, நீட்டித்தால் 3,50,000, ஃப்ரீஹோல்டரின் இழப்பு 20,000 என்று வையுங்கள். மதிப்பு உயர்வு 50,000. அதில் 20,000 போக மீதி 30,000. அதில் பாதி அவருக்கு. ஆக 20,000-க்குப் பதில் 35,000 கட்ட வேண்டும். 2024-இல் வந்த சட்டம் இந்த மேரேஜ் வேல்யூவை நீக்குகிறது, நீட்டிப்பையும் 990 ஆண்டாக்குகிறது. ஆனால் இதை எழுதும் வரை அந்தப் பிரிவுகள் அமலுக்கு வரவில்லை. 80-ஐ நெருங்கிவிட்டவர்கள் அதை நம்பிக் காத்திருப்பது ஆபத்து என்றே சொல்வேன்.

இரண்டாம் படி: பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பேசுங்கள்

ஃப்ரீஹோல்டையே சேர்ந்து வாங்கலாம். கட்டடத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஃபிளாட்டுகளாவது நீண்ட லீஸில் இருக்க வேண்டும், மொத்த ஃபிளாட்டுகளில் பாதிப் பேராவது சேர வேண்டும். இரண்டே ஃபிளாட் என்றால் இருவரும் சேர வேண்டும். கீழே கடைகள் இருந்தால் அவற்றின் பரப்புக்கும் வரம்பு உண்டு. வாங்கிய பிறகு உங்கள் லீஸை நீங்களே 999 ஆண்டாக்கிக்கொள்ளலாம். கூரை ஒழுகினாலும், இன்ஷூரன்ஸ் கட்டுவதானாலும், அப்புறம் எல்லாம் உங்கள் பொறுப்பு. நாலு பேர் ஒத்துப்போகும் கட்டடம் என்றால் இதுதான் நல்லது. இழுபறி என்றால் தனியாக உங்கள் லீஸை நீட்டிக்கப் பாருங்கள்.

மூன்றாம் படி: சர்வேயர், சொலிசிட்டர்

மதிப்புப் போட சர்வேயர், சட்ட வேலைக்கு சொலிசிட்டர் (வழக்கறிஞர்). இந்த வேலையையே செய்பவர்களாகப் பிடியுங்கள். ஃப்ரீஹோல்டரின் நியாயமான சட்டச் செலவும் மதிப்பீட்டுச் செலவும் உங்கள் தலையில்தான் விழும், அதையும் கணக்கில் வையுங்கள். லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ் இலவசமாக ஆலோசனை தருகிறது.

இடையில் ஃப்ரீஹோல்டர் "நோட்டீஸ் எல்லாம் எதற்கு, நமக்குள் முடித்துக்கொள்வோம்" என்று கடிதம் போடலாம். தொகை குறைவாகத் தெரியும். எத்தனை ஆண்டு கூட்டுகிறார், பழைய லீஸ் காலம் முடியும் வரை கிரவுண்ட் ரென்ட் (ஃப்ரீஹோல்டருக்குக் கட்டும் நில வாடகை) எப்படி ஏறும் என்பதை சொலிசிட்டரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். சட்ட வழியில் போனால் மிச்சத்தோடு 90 ஆண்டு கூடும், கிரவுண்ட் ரென்ட்டும் அறவே போய்விடும்.

நான்காம் படி: நோட்டீஸ்

தனி நீட்டிப்புக்கு லீஸ்ஹோல்ட் சீர்திருத்தம் பற்றிய 1993 சட்டத்தின் 42-ஆம் பிரிவு, ஃப்ரீஹோல்டுக்கு 13-ஆம் பிரிவு. நீட்டிப்புக்கு இரண்டு ஆண்டு சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை 2025 ஜனவரி 31 முதல் இல்லை. நோட்டீஸ் கொடுக்கும் நாளில் உள்ள மிச்சத்தை வைத்தே மதிப்பு கணக்கிடப்படும். பதிலுக்கு ஃப்ரீஹோல்டருக்குக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். நோட்டீஸில் நீங்கள் சொன்ன தொகையை அவர் மறுத்தால் பேரம் தொடங்கும். இரண்டு மாதத்தில் ஒத்துவராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஆனால் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். தவறினால் நோட்டீஸ் செல்லாது, புதிதாகக் கொடுக்க 12 மாதம் காத்திருக்க வேண்டும். மிச்சம் 81 ஆண்டு இருக்கும்போது நோட்டீஸ் கொடுத்தவர் இப்படி 80-க்குக் கீழே இறங்கி, மேரேஜ் வேல்யூவும் சேர்த்துக் கட்ட நேரிடும். அந்த ஆறு மாதக் கெடுவை சொலிசிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல் உங்கள் போனிலும் குறித்து வையுங்கள்.