மணிலா கரிந்தேரியாவில் சாப்பிடுவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

மணிலாவில் மால்களில் சாப்பிடுவதைவிடத் தெருவோரக் கரிந்தேரியா, அதாவது சின்னச் சாப்பாட்டுக் கடை, எவ்வளவோ மேல். பெரும்பாலும் மெனு கார்டு இருக்காது. சமைத்ததை எல்லாம் வரிசையாக வைத்திருப்பார்கள், வேண்டியதைக் கை காட்டினால் போதும்.

1. நேரம். பகல் 11 மணிக்கு மேல், 12 மணிக் கூட்டம் வருவதற்குள் போய்விடுங்கள். காலையில் சமைத்ததுதான் நாள் முழுக்க ஓடும், அதனால் பிற்பகலில் போனால் நல்ல ஐட்டமெல்லாம் தீர்ந்திருக்கும். சில்லறை அவசியம், ஒரு தட்டுச் சோற்றுக்கு 1000 பெசோ நோட்டை நீட்டாதீர்கள்.

2. பார்த்துக் கேளுங்கள். கண்ணாடிப் பெட்டி இருந்தால் வசதி. வெறும் பாத்திரங்கள் என்றால் மூடியைத் திறந்து காட்டச் சொல்லலாம். பரிமாறுகிற பெண்ணை ‘ஆத்தே’ என்றும் ஆணை ‘குயா’ என்றும் கூப்பிடுங்கள். அக்கா, அண்ணன் மாதிரிதான். விலை கேட்க ‘மக்கானோ போ?’, கடைசியில் வரும் ‘போ’ மரியாதைக்கு.

3. எதை வாங்குவது? மனோக் என்றால் கோழி, பாபோய் பன்றி, பாக்கா மாடு, இஸ்தா மீன். இந்த நான்கும் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. முதல்முறைக்குக் கோழி அடோபோ பாதுகாப்பு: வினிகர், சோயா சாஸ், பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை போட்டு வேகவைத்தது. எனக்குப் பிடித்தது சினிகாங். புளி போட்ட குழம்பு, முள்ளங்கியும் கங்கோங் கீரையும் மிதக்கும், காரமில்லாத ரசத்தில் கறித்துண்டு போட்ட மாதிரி இருக்கும். கருப்பாகக் கெட்டியாக ஒன்று இருந்தால் அது அநேகமாக தினுகுவான், பன்றி ரத்தத்தில் செய்தது. தெரிந்துகொண்டு கை காட்டுங்கள்.

சைவர்கள்தான் உஷாராக இருக்க வேண்டும். பினாக்பெட்டைப் பார்த்தால் பாகற்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய், பூசணி என்று ஒரே காய்கறியாகத்தான் தெரியும், ஆனால் அதில் பகோங் என்கிற இறால் அல்லது மீன் விழுது கலந்திருக்கும், பன்றித் துண்டுகூட ஒளிந்திருக்கலாம். பச்சைப்பயறுக் குழம்பும் அப்படித்தான். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தோர்த்தாங் தாலோங் கேளுங்கள்: சுட்ட கத்தரிக்காயை நசுக்கி, முட்டையில் தோய்த்துப் பொரித்தது. சிலர் அதிலும் கொத்துக்கறி சேர்ப்பார்கள், கேட்டுவிடுங்கள்.

4. சோறு. கப் கணக்கில் தனியாக விலை. பல கடைகளில் கொஞ்சம் ‘சபாவ்’ கேட்டால் ஒரு கிண்ணம் சூப்பு சும்மாவே கிடைக்கும்.

5. தொட்டுக்கொள்வது. பலர் கவனிக்காத இடம் இதுதான். சமையலில் காரம் குறைவு, அதை மேஜையில் நாமே கூட்டிக்கொள்ள வேண்டும். மிளகாயும் பூண்டும் ஊறுகிற வினிகர் பாட்டில், சோயா சாஸ், பத்தீஸ் என்கிற மீன் சாஸ், கேட்டால் கலமான்சி என்று ஒரு குட்டி எலுமிச்சை. சின்னத் தட்டில் சோயாவை ஊற்றி, இரண்டு கலமான்சியைப் பிழிந்து, ஒரு சீலிங் லபுயோ மிளகாயை ஸ்பூனால் நசுக்குங்கள். பொரித்த மீனுக்கு வினிகர், சினிகாங்குக்கு மிளகாய் நசுக்கிய பத்தீஸ். சாப்பிட்ட பிறகு மறுபடி வேண்டும் என்றுதான் தோன்றும்.

6. சாப்பிடுவது. வலது கையில் ஸ்பூன், இடது கையில் ஃபோர்க், ஃபோர்க்கால் தள்ளி ஸ்பூனில் அள்ள வேண்டும். கத்தியைத் தேடாதீர்கள். கையால் சாப்பிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

7. காசு. சில இடங்களில் வாங்கும்போதே, சில இடங்களில் சாப்பிட்ட பிறகு. ‘பயாத் போ’ என்று சொல்லி நீட்டுங்கள். உட்கார வைத்துப் பரிமாறும் சற்றுப் பெரிய ஓட்டல் என்றால், இரண்டு கை விரலாலும் காற்றில் ஒரு செவ்வகம் வரைந்து காட்டுங்கள், பில் வந்துவிடும்.