காது கேளாத நாயகியை வைத்து ஹைலேண்டர் காதல் கதை எழுதுவது எப்படி?

ஸ்காட்லாந்து மலைநாட்டுக் காதல் கதை என்றதும் கில்ட் என்ற பாவாடை போன்ற உடை கட்டிய வீரன், கோட்டை, மூடுபனி எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நாயகிக்குக் காது கேட்காது என்று முடிவு செய்துவிட்டால் அதெல்லாம் இரண்டாம்பட்சம். அவளும் அவனும் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்பதுதான் கதை.

படி 1: ஆண்டை முடிவு செய்யுங்கள்

‘அந்தக் காலம்’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. 1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் போரில், பழைய ஸ்டூவர்ட் வம்சத்தை அரியணையில் ஏற்ற மன்னரை எதிர்த்த ஜேக்கபைட் படை தோற்றது. அடுத்து வந்த சட்டம், ஆண்களும் சிறுவர்களும் மலைநாட்டு உடை உடுத்தக் கூடாது என்றது. 1782 வரை அந்தத் தடை இருந்தது. பெண்களுக்குத் தடையில்லை, மன்னரின் படையில் சேர்ந்தவர்களுக்கும் இல்லை. ஆக, 1750இல் உங்கள் நாயகன் கில்ட்டில் வந்து நின்றால், ஒன்று சட்டத்தை மீறுகிறான், இல்லை எதிரியிடம் சம்பளம் வாங்குகிறான். எதுவானாலும் கதைக்கு லாபம்தான்.

குலத்துக்கு ஒரு கட்டம் போட்ட துணி என்ற கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள். அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு வழக்கம்.

படி 2: காது எப்போது போனது?

பிறவியிலேயே என்றால், வீட்டாரோடு சேர்ந்து உருவாக்கிக்கொண்ட சைகைகள்தான் அவள் மொழி. ஏழெட்டு வயதில் காய்ச்சலில் போனது என்றால் மலைநாட்டு மக்களின் தாய்மொழியான கேலிக் அவளிடம் இருக்கும். பழகிய முகங்களின் உதட்டசைவு ஓரளவு புரியும். ஆங்கிலம் பேசும் சிப்பாய் எவ்வளவு கத்தினாலும் அவளுக்கு அது வெறும் வாயசைப்பு.

பள்ளிக்கு அனுப்ப ஆசையா? தாமஸ் பிரைட்வுட் எடின்பரோவில் காது கேளாதோருக்கான பள்ளியைத் தொடங்கியது 1760இல். பணம் கட்டிப் படிக்கும் இடம். அப்படியானால் கதையை 1770களுக்கு நகர்த்துங்கள், நாயகியையும் வசதியான வீட்டில் பிறக்க வையுங்கள். 1773இல் மலைநாட்டுப் பயணம் முடித்த ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் அந்தப் பள்ளிக்குப் போனார். அவர் கொடுத்த பெருக்கல் கணக்கை ஒரு பெண் பார்த்தாள், விரல்களைப் படபடவென்று அசைத்தாள், சரியாகப் போட்டுக் காட்டினாள். உங்கள் நாயகிக்கு இதைவிட நல்ல அறிமுகக் காட்சி வேண்டுமா?

படி 3: வெளிச்சத்தைக் கவனியுங்கள்

ஏழைக் குடிசையின் நடுவில் பீட் எனும், சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய எரிபொருள் புகைந்துகொண்டிருக்கும். புகைபோக்கி கிடையாது. அந்த இருட்டில், அடர்ந்த தாடிக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் யாராலும் உதட்டைப் படிக்க முடியாது. அவன் நெருப்புக்கு அருகே நகர்ந்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காரட்டும். அவளுக்காக யோசிக்கிறான் என்று வாசகருக்குப் புரிந்துவிடும், வசனமே வேண்டாம்.

படி 4: மற்ற புலன்களுக்கு வேலை கொடுங்கள்

அந்தக் கால மலைநாட்டுப் பெண்கள் புதிதாக நெய்த கம்பளித் துணியை, நாள்பட்ட சிறுநீரில் ஊறவைத்துப் பலகையைச் சுற்றி உட்கார்ந்து அடித்து இறுக்குவார்கள். ஒருத்தி பாட மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். நாயகியை அங்கே உட்கார வையுங்கள். பாட்டு கேட்காவிட்டாலும் தாளம் பலகை வழியாக உள்ளங்கைக்கு வரும். எதிரே இருப்பவளின் தோள் அசைவைப் பார்த்து, தவறாமல் துணியைப் பக்கத்தில் தள்ளுவாள். மூக்கைத் துளைக்கும் நெடியையும் விட்டுவிடாதீர்கள், காதல் கதைதான் என்றாலும்!

படி 5: கல்யாணம்

அன்றைய ஸ்காட்லாந்துச் சட்டப்படி, இருவரும் மனமொத்து ஏற்றுக்கொண்டாலே திருமணம் செல்லும். பாதிரியார் கட்டாயமில்லை. வாய் திறக்காமல் எப்படிச் சம்மதம் சொல்வது? இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத் தேவாலயப் பதிவேட்டில் 1576ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று உண்டு. காது கேளாத மணமகன் பெண்ணை அணைத்தார், மோதிரம் போட்டார், நெஞ்சில் கை வைத்தார். சாகும்வரை உன்னோடுதான் என்பதற்குக் கண்களை மூடிக் காட்டி, காலால் மண் தோண்டுவதுபோலவும் சாவு மணி அடிப்பதுபோலவும் செய்தார். இதை அப்படியே எடுக்காமல், உங்கள் ஜோடிக்கென்று சொந்தச் சைகைகள் யோசியுங்கள்.

படி 6: சைகையை எழுதும் விதம்

அவள் சைகையில் சொல்வதையும் மற்றவர்கள் பேச்சைப் போலவே மேற்கோள் குறிக்குள், முழு வாக்கியமாக எழுதுங்கள். உடைந்த தமிழ் வேண்டாம். கடைசி அத்தியாயத்தில் ஏதாவது மூலிகை கொடுத்துக் காதைத் திறந்துவைக்கும் யோசனை இருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள். வரைவு முடிந்ததும் காது கேளாத வாசகர் ஒருவரிடம் கொடுத்து, எங்கெல்லாம் ‘இது நடக்காது’ என்று தோன்றியது என்று கேளுங்கள்.