வெள்ள மீட்புத் தன்னார்வலர் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழை தூத்துக்குடி மாவட்டக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டராகப் பதிவானது. தாமிரபரணிக் கரை ஊர்கள் பல தீவுகளாயின. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் விரைவு வண்டியில் வந்த நூற்றுக்கணக்கானோர் வெளியேற வழியின்றித் தவித்தனர். சாலைகள் அறுந்த அந்த முதல் நேரங்களில் பல தெருக்களுக்கு உதவியாக வந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களே. ஆகவே ஊர்தோறும் தன்னார்வலரைப் பழக்குவது அவசியம். ஆனால் தவறாகப் பழக்கப்பட்ட தன்னார்வலர், மீட்கப்பட வேண்டியவர்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிடுவார்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, துணிச்சலைப் பயிற்சியாகக் கருதுவது. கோடையில் படித்துறையிலிருந்து குதித்து நீந்திப் பழகிய இளைஞர்களுக்கு ஆறு தெரியும் என்று நாம் நம்பிவிடுகிறோம். வெள்ளத்தில் வருவது அந்த ஆறு அன்று. வேரோடு பெயர்ந்த மரம், முள்வேலி, கம்பி, செத்த மாடு எல்லாவற்றையும் அது சுமந்து வருகிறது, முழங்கால் அளவு ஓட்டமே ஆளைச் சாய்த்துவிடும். எனவே முதலில் கற்பிக்க வேண்டியது, இறங்காமல் மீட்கும் வரிசையைத்தான்: கரையில் படுத்துக்கொண்டு கம்பை நீட்டுவது, அது எட்டாவிட்டால் கயிற்றையோ மூடி இறுக்கிய வெற்று பிளாஸ்டிக் கேனையோ எறிவது, அதுவும் ஆகாவிட்டால் படகு, நீரில் இறங்குவது உயிர்காப்புச் சட்டையும் தேர்ச்சியும் உடையவருக்கு மட்டுமே, அதுவும் கடைசி வழியாக. மீட்பவர் இடுப்பில் கயிற்றை முடிச்சிட்டுக்கொண்டு ஓடும் நீரில் இறங்குவதைப் பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். கயிறு எங்காவது சிக்கினால் நீரின் இழுப்பு அவரை அமிழ்த்திவிடும், முடிச்சை அவிழ்க்கவும் முடியாது. இதை ஒவ்வொரு பயிற்சியிலும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, பயிற்சியை மண்டபத்துக்குள்ளேயே முடித்துவிடுவது. திரையில் காட்டப்படும் எங்கோ உள்ள நகரத்தின் படம், நம் ஊர்க் குளம் நிரம்பி வழியும் மறுகால் எந்தத் தெரு வழியே பாயும் என்று சொல்லாது. இங்கே குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடர்பவை. மேல் குளத்துக் கரை உடைந்தால் கீழ்க் குளமும் தாங்காமல் போகக்கூடும். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் திறப்பு அறிவிப்பை மட்டும் கேட்டிருப்பவர், குற்றாலம் பக்கம் பெய்த மழை சிற்றாற்றின் வழியே சீவலப்பேரியில் தாமிரபரணியோடு வந்து சேர்வதை மறந்துவிடுவார். ஒரு நாளாவது தன்னார்வலர்களை மடை, மறுகால், ஓடைப்பாலம் என்று நடத்திக் கூட்டிச்சென்று, அவற்றைத் திறந்தடைத்துப் பழகிய பெரியவர்களைப் பேசவிட வேண்டும். என் பார்வையில் இந்த நடைக்கு ஈடான பாடம் இல்லை.

ஆள் எடுப்பதிலும் பிழை நேர்கிறது. இளைஞர்களை மட்டும் சேர்ப்பவர்கள், எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் பாட்டி இருக்கிறார், யார் நிறைமாதக் கர்ப்பிணி, யாருக்கு டயாலிசிஸ் நாள் தவறக்கூடாது என்பதை அறிந்த பெண்களை விட்டுவிடுகிறார்கள். அந்தத் தெருப்பட்டியல் படகுக்கு நிகரான கருவி. 2023-இல் கடலோர மீனவர்கள் படகுகளோடு வந்து பலரைக் காத்தார்கள். ஆனால் வீடுகளுக்கு நடுவே மதில், முள், தாழ்ந்து தொங்கும் மின்கம்பி உண்டு என்பதால், வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் அவர்களோடு ஏறும் ஏற்பாடு முன்பே பழக்கப்பட்டிருக்க வேண்டும்.

முதலுதவியைப் பார்த்தே கற்றுக்கொள்ள முடியாது. நீரில் மூழ்கியவரின் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகத் தூக்குவதும் இன்றும் நடக்கின்றன, இரண்டும் கூடாது. மூச்சு நின்றவருக்கு முதலில் வாயோடு வாய் மூச்சும், பிறகு நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை என்ற வேகத்தில் நெஞ்சழுத்தமும், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்ற கணக்கில் தர வேண்டும். இதை ஒவ்வொருவரும் பொம்மையின்மேல் கை சோரும்வரை செய்து பார்க்க வேண்டும். வெள்ளத்தோடு பாம்பும் வீடேறும் என்பதால், கடிவாயைக் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது, அசையவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதும் பாடத்தில் இருக்கட்டும்.

சான்றிதழோடு பயிற்சி முடிந்ததாக எண்ணுவதும் தவறே. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டம் தன்னார்வலர்களுக்கு 12 நாள் பயிற்சி தந்தது. அதுவும் கை மறந்தால் பயன்படாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட வேண்டும். கைபேசிக் கோபுரங்கள் செயலிழந்த நிலையில் யார் யாரிடம் ஓடிச் செய்தி சொல்வது என்பதும் அந்த ஒத்திகையில் அடங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. தனித்தனிக் குழுக்கள் தாமே முடிவெடுத்துக் கிளம்பினால், சாலையோரத் தெருவுக்கு மூன்று முறை உணவுப்பொட்டலம் வரும், உட்கிராமத்துக்கு ஒன்றும் போகாது. புறப்படும்முன் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் சொல்வதும், போன இடத்தையும் கொடுத்த பொருளையும் ஏட்டில் எழுதுவதும் பயிற்சியின் பகுதிகள். நீர் வடிந்தபின் சேற்றில் வேலை செய்யும் தன்னார்வலர்களுக்கு எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. முழங்கால்வரை மூடும் ரப்பர் காலணி, கையுறை, மருத்துவர் சொல்லும் தடுப்பு மாத்திரை ஆகியவற்றுக்கான பணத்தைத் திட்டமிடும்போதே ஒதுக்கிவிட வேண்டும்.