இணையதளக் கருவியைத் தேர்வு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டில் மே மாதக் கோடை விழாவுக்குக் கூட்டம் மலையேறும்போது விடுதிகளின் அறை வாடகையும் ஏறிவிடும். விடுதியின் இணையதளத்தில் மட்டும் ஜனவரி மாத வாடகையே நின்றுகொண்டிருக்கும். அதை மாற்றத் தெரிந்தவர் கீழே சேலத்தில் இருக்கும் வடிவமைப்பாளர் ஒருவர்தான், அவரோ தொலைபேசியை எடுக்க மாட்டார். வாடிக்கையாளருக்குச் சமாதானம் சொல்லியே ஓய்ந்துபோவது வரவேற்பறைப் பணியாளர். தளத்தை உருவாக்கித் திருத்த உதவும் கருவியைத் தேர்வு செய்த அன்று அவரை யாரும் கேட்காததுதான் முதல் தவறு.

பெரும்பாலும் உரிமையாளர் மாதிரித் தளத்தின் முகப்பழகைப் பார்த்து முடிவெடுக்கிறார். பணியாளர் அன்றாடம் புழங்க வேண்டியதோ முகப்புக்குப் பின்னால் இருக்கும் திருத்தும் திரை. ஆகவே பணம் கட்டுவதற்கு முன், சோதனைக் கணக்கு ஒன்றைத் திறந்து, தளத்தைப் புதுப்பிக்கப்போகிறவரிடமே மூன்று வேலைகளைக் கொடுக்கலாம்: வாடகையை மாற்றுவது, ஒரு படத்தை எடுத்துவிட்டு வேறு படம் வைப்பது, பழைய அறிவிப்பை நீக்குவது. அருகில் நின்று சொல்லித்தரக் கூடாது. அவர் கையில் கைபேசி மட்டுமே இருக்குமென்றால் சோதனையும் கைபேசியிலேயே நடக்க வேண்டும். அவர் எங்கே தயங்கி நிற்கிறார் என்பதைக் குறித்துக்கொண்டால், விற்பனையாளரின் விளக்கம் சொல்லாததையெல்லாம் அந்த அரை மணி நேரம் சொல்லிவிடும்.

வசதிகள் மிகுந்த கருவியே நல்லது என்று நினைப்பது அடுத்த தவறு. இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ், 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பு முதல் பத்தி, படம், தலைப்பு ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களாகத் திருத்தும் முறையைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. சிறு நிறுவனத்துக்குப் பெரும்பாலும் அதுவே போதும். அதன்மேல் கனமான பக்க வடிவமைப்புச் செருகுநிரலை (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருளை) ஏற்றினால், வாடகையை மாற்றப் போனவர் தெரியாமல் ஒரு பத்தியை இழுத்துவிட, கைபேசியில் பக்கமே குலைந்து தெரியும். பின்னாளில் அந்தச் செருகுநிரலை நீக்கினால், சில செருகுநிரல்கள் பக்கம் முழுவதும் சதுர அடைப்புக்குறிக்குள் அடைந்த குறியீடுகளையே விட்டுச்செல்வதும் உண்டு. மறுபுறம், பக்கங்களை முன்கூட்டியே ஆயத்தமாக்கி வைக்கும் ஹியூகோ, ஜெக்கில் போன்ற மென்பொருள்களில் உருவாகும் தளங்கள் விரைவானவை. ஆனால் எளிய திருத்துத் திரை ஒன்றைத் தனியே இணைக்காவிட்டால், ஒரு வரியை மாற்றவும் நிரலர்தான் வேண்டும்.

தமிழைச் சோதிக்காமல் விடுவது நம் ஊரில் மிகுதி. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக் கடையின் அறிவிப்பை அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வாங்கியிருந்தால், தளத்தில் ஒட்டியதும் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். தட்டச்சு ஒருங்குறியில்தான் (யூனிகோடு) இருக்க வேண்டும். தளத்தின் தோற்றத்தை வகுக்கும் வார்ப்புருவையும் 'கீ', 'கூ', 'ஸ்ரீ' வரும் நீண்ட பத்தியை இட்டுப் பார்க்க வேண்டும். வரி இடைவெளி குறைந்த வார்ப்புருக்களில் எழுத்தின் மேற்கொம்பும் கீழ்வளைவும் வெட்டுப்படும். இந்தத் தொல்லைக்கு அஞ்சி அறிவிப்பைப் படமாகவே ஏற்றிவிடுகிறார்கள்; அப்போது தேடுபொறியால் அதைச் சரிவரக் கண்டெடுக்க இயலாது, திரைபடிப்பான் கொண்டு வாசிக்கும் பார்வையற்றவருக்கும் அது வெற்றிடம்தான்.

எல்லாருக்கும் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுப்பதும் வேண்டாம். வேர்ட்பிரஸில் 'எடிட்டர்' (Editor) நிலையிலான அனுமதி பெற்றவர் பக்கங்களைத் திருத்தி வெளியிடலாம். செருகுநிரல்களையும் வார்ப்புருவையும் தொட முடியாது. தவறு நேர்ந்தால் முந்தைய பதிப்பை மீட்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டால், பணியாளருக்கும் திருத்தும் துணிவு வரும்.

தளத்தின் பெயர்ப் பதிவு (டொமைன்) வடிவமைப்பாளரின் பெயரில் இருந்தால், வேறு கருவிக்கு மாறும் நாளில் அவருடைய தயவில்தான் நிற்க நேரிடும். ஆதலால் அந்தப் பதிவு, தளத்துக்கு உரிய நிறுவனத்தின் பெயரிலும், நிர்வாகிக் கணக்கு உரிமையாளரின் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.