கிளினிக் மாறினாலும் பதிவு சிதறாமல் இருக்க

மந்திகை ஆஸ்பத்திரியில் பிரஷர் கிளினிக், யாழ் போதனா வைத்தியசாலையில் இதய கிளினிக், இடையில் ஒரு தனியார் டொக்டர் என்று மூன்று இடத்தில் மருந்து எடுப்பவர்கள் எங்களிடையே ஏராளம். மூவரும் ஒரே பதிவைப் பார்க்கவேண்டும்.

கணினிப் பதிவுள்ள அரச வைத்தியசாலையில் தரும் தனிநபர் சுகாதார இலக்கத்தைக் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்திலேயே எழுதி, அடுத்த இடத்திலும் அதையே காட்டுங்கள், ஏனென்றால் ஒரு ஆளுக்கு இரண்டு இலக்கம் விழுந்தால் பழைய ரிப்போர்ட் ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் என்று போய்விடும்.

எல்லா இடமும் இன்னும் கணினியில் இணைக்கப்படவில்லை, அதனால் கொப்பியைக் கைவிடவேண்டாம். வார்ட்டிலிருந்து வீட்டுக்கு விடும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டை (நோய் விபர அட்டையை)ப் போனில் படம் எடுங்கள். மருந்து ஒவ்வாமையைப் பெரிதாக எழுதுங்கள்.

மருந்தின் பொதுப்பெயரையும் அளவையும் எழுதுவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: லொசாட்டன் என்ற பிரஷர் மருந்தை இரண்டு கம்பனிப் பெயரில் இரண்டு இடத்தில் வாங்கி, இரண்டையும் விழுங்கினால் பிரஷர் ஆபத்தாகக் குறையலாம்.

அப்புறம் பழைய கிரியேற்றினின் ரிப்போர்ட்டுகள், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை முடிவுகள், அவற்றையும் வைத்திருங்கள். சாயம் ஏற்றி சீ.டி. ஸ்கான் எடுக்கமுன் டொக்டர் சிறுநீரகத்தைப் பார்ப்பார், பழைய அளவு கையில் இருந்தால் பாதிப்பு புதிதா நாட்பட்டதா என்று அவருக்கு உடனே பிடிபடும்.