டிக் டிக் சத்தம் கேட்டால் முதலில் கரண்டை நிப்பாட்டுங்கள்

புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு அக்கா, கொம்பியூட்டர் பெட்டியை மடியில் வைத்தபடியே பஸ்ஸில் கொண்டுவந்தா. "தம்பி, இது திருந்தாட்டிலும் பரவாயில்லை, உள்ளுக்கை கிடக்கிற படங்களை எடுத்துத் தாங்கோ." இடப்பெயர்வில் அல்பங்கள் போய்விட, வெளிநாட்டுச் சொந்தக்காரர் தங்களிடம் இருந்ததை ஸ்கேன் பண்ணி அனுப்பிய படங்கள் அவை. வன்னியில் பல வீடுகளில் இதுதான் கதை. அதனால் மெஷினைத் திருத்துவதை இங்கே இரண்டாவதாகத்தான் வைத்திருக்கிறேன்.

படி 1: லைட்டே எரியவில்லையா?
வேறு பிளக்கில் போட்டுப் பாருங்கள். வயரை மாற்றுங்கள். பெட்டியின் பின்பக்கச் சிறிய சுவிட்சையும் பாருங்கள். கூட்டித் துடைக்கும்போது அது தட்டுப்பட்டு ஓஃப் ஆகியிருக்கும், சிரிக்காதீர்கள். எல்லாம் சரியென்றால் பவர் சப்ளையில் சந்தேகப்படலாம். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது விழுகிற அடி முதலில் அதில்தான் விழும். அதைக் கழற்றி மாற்றலாம், ஆனால் அதன் பெட்டியைத் திறக்க வேண்டாம். வயரைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

படி 2: ஃபான் சுற்றுகிறது, திரை கறுப்பு
இது பெரும்பாலும் ரேம், அதாவது வேலை நடக்கும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நீளமான அட்டை. வயரைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அமத்திப் பிடியுங்கள். பெட்டியின் தகரத்தைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றி, பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூள் போகத் துடைத்து, 'டக்' என்று பொருந்தும்வரை இறுக்குங்கள். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். செம்மண் றோட்டோரக் கடைகளில் இருந்து வரும் பெட்டிகள் பலவற்றுக்கு இந்த வைத்தியமே போதுமாக இருக்கிறது.

திகதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் பிழையாகக் காட்டினால் மதர்போர்டில் (உள்ளே இருக்கும் பிரதான பலகையில்) உள்ள சிஆர் 2032 என்ற நாணயம் போன்ற பற்றரியை மாற்றுங்கள். அவ்வளவுதான்.

படி 3: டிஸ்க் இல்லை என்கிறதா?
டிஸ்க் என்பது படங்களும் கோப்புகளும் கிடக்கும் ஹார்ட் டிஸ்க். உடனே அது செத்துவிட்டது என்று முடிவெடுக்க வேண்டாம். டிஸ்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா வயரைக் கழற்றி இறுக்குங்கள், வேறு வயர் போடுங்கள். பிறகு பயோசுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரைக்குள்) போய் டிஸ்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் விண்டோஸ் மட்டும் பழுதாகியிருக்கவும் கூடும்.

'டிக் டிக்' என்றோ உரசுகிற மாதிரியோ சத்தம் வந்தால் அத்துடன் நிறுத்துங்கள். உள்ளே வாசிக்கும் முனை, சுழலும் தட்டுக்கு மேலே சில நனோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. அது தட்டில் பட்டிருந்தால் ஒவ்வொரு முறை போடும்போதும் கீறல் கூடும். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். மூடியைத் திறக்கவும் வேண்டாம். எங்கள் ஊர்த் தூசியில் ஒரு பருக்கை போதும். இனி அது தரவு மீட்பு ஆய்வுகூடத்தின் வேலை.

படி 4: சத்தம் இல்லை, ஆனால் இழுபடுகிறது
டிஸ்கைக் கழற்றி, யூஎஸ்பி அடப்டர் மூலம் நல்ல கொம்பியூட்டரில் போடுங்கள். 3.5 அங்குல டிஸ்க் என்றால் தனி 12 வோல்ட் பவர் உள்ள அடப்டர் வேண்டும். 'ஃபோர்மற் செய்யவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று அமத்துங்கள்.

டிஸ்கின் நிலைமையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில், பழுதான இடங்களைக் கணக்கிடும் 05, சி5, சி6 என்ற வரிகளின் கடைசி எண்ணைப் பாருங்கள். பூச்சியமாக இல்லாவிட்டால் கவனம். நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. தரவு கடத்தும்போது வரும் பிழைகளைக் கணக்கிடும் சி7 மட்டும் ஏறினால் குற்றவாளி பெரும்பாலும் வயர்தான். அந்த எண்கள் வழக்கமாக 16 அடிமானத்தில் வரும்: 10 என்று இருந்தால் அது எங்கள் வழக்கமான கணக்கில் 16.

உடனே பிரதி எடுங்கள், படங்களும் பத்திரங்களும் முதலில். சினிமாப் பாட்டு பிறகு. அதற்கு முன், டிஸ்கின் பிழைகளைத் திருத்தும் விண்டோஸின் செக் டிஸ்கை ஓடவிடாதீர்கள். அது கோப்பு அமைப்பையே மாற்றி எழுதும், களைத்த டிஸ்கை இன்னும் ஓடவைக்கும். அக்காவின் மகன் அதைத்தான் இரண்டு இரவு செய்திருந்தான்.

பிரதி இடையில் நின்றால், லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலான இயங்குதளம்) உள்ள பென் டிரைவில் இருந்து, பழுதான டிஸ்கைப் பிரதி எடுக்கும் டிடிரெஸ்கியூ என்ற மென்பொருளை ஓடவிடுங்கள். அது சுகமாக வாசிக்கக்கூடியதை முதலில் அள்ளும், பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை வந்தது என்று ஒரு மப் கோப்பில் குறித்து வைப்பதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். எங்களுக்கென்றே செய்த மாதிரி.

அக்காவின் டிஸ்கில் இரண்டு ஃபோல்டர் வரவில்லை, மற்றவை வந்தன. ஒரு பிரதியை அவவிடம் கொடுத்தேன். மற்றது வவுனியாவில் தங்கச்சி வீட்டு அலுமாரிக்குள் இருக்கிறது.