ஆடிக் கூழ் வார்க்கப் பழகுவோம்: வெள்ளி முதல் ஞாயிறு வரை

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு எனத் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் வார்ப்பதைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவர்களுக்கும், தம் வீட்டு வாசலில் தாமே வார்க்க வேண்டுமென்றால் தயக்கம் வந்துவிடுகிறது. மூன்று நாள் வேலையை ஒரே நாளில், அதுவும் வீட்டின் அம்மா ஒருவரே செய்து முடிப்பதால்தான் இந்தப் பண்டிகை பாரமாகத் தோன்றுகிறது என்பது என் எண்ணம். எனவே செய்முறையோடு, எந்த வேலையை யாரிடம் கொடுக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பத்துப் பேருக்கு அரை கிலோ கேழ்வரகு மாவும் கால் கிலோ அரிசி நொய்யும் போதும்.

வெள்ளி இரவு

மாவை ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மூடி, வெளியிலேயே வையுங்கள். சென்னை வெக்கைக்கு ஓர் இரவில் புளித்துவிடும். மழை பெய்து குளிர்ந்திருந்தால் சற்றுக் கூடுதல் நேரமாகும். இதைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளே செய்யலாம்.

சனி மாலை

கனமான குண்டானில் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கழுவிய நொய்யைப் போட்டுக் குழைய வேக விடுங்கள். நொய் வேகும் முன் மாவை ஊற்றிவிட்டால் பிறகு எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் அது விறைப்பாகவே நிற்கும். வெந்தபின் உப்புச் சேர்த்து, தீயைக் குறைத்து, புளித்த மாவை ஒருவர் மெல்ல ஊற்ற, இன்னொருவர் மரத் துடுப்பால் அடிவரை விடாமல் கிண்ட வேண்டும். இதற்குக் கட்டாயம் இரண்டு பேர் தேவை. கூழ் இறுக இறுகக் கை வலிக்கும் என்பதால், துடுப்பை வீட்டு ஆண்களிடம் கொடுப்பதே முறை என்பேன். மாவின் வெளிறிய நிறம் மாறிக் கருத்துப் பளபளப்பானதும், ஈரக் கையால் மேலே தொட்டுப் பாருங்கள். கையில் ஒட்டவில்லை என்றால் வெந்துவிட்டது. இறக்கி, மெல்லிய துணியால் மூடி ஆறவிடுங்கள்.

அன்றிரவே முருங்கைக்கீரையை உருவி வைத்துவிட வேண்டும். தொலைக்காட்சி பார்க்கும் கைகள் எல்லாம் இதற்கு உதவும்.

ஞாயிறு காலை

கட்டிக் கூழைத் தண்ணீரும் மோரும் விட்டுக் கையால் கரைத்து, நறுக்கிய சின்ன வெங்காயம் சேருங்கள். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியலும், மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பும் எங்கள் பக்கத்து வழக்கம். கருவாட்டை வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசி, குழம்பில் உப்பைக் குறைத்தே போடுங்கள். சில வீடுகளில் கருவாட்டுக் குழம்பையும் அம்மனுக்குப் படைப்பார்கள், சில வீடுகளில் படையலில் அசைவமே சேராது; உங்கள் வீட்டு வழக்கத்தை மாமியாரிடமோ அம்மாவிடமோ முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

வேப்பிலை வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டியபின் முதல் சொம்பை அக்கம்பக்கத்தாருக்கு வாருங்கள். வாசலில் வார்ப்பதை ஒருவரே மதியம் வரை செய்யாமல், பாதியில் ஆள் மாற்றி, சமைத்தவரை உட்கார வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். எல்லாரும் குடித்தபின் ஆறிப்போன குழம்போடு கடைசியில் தனியாகக் குடிப்பதை அம்மாக்களின் பெருமையாகப் பேசும் பழக்கம் எனக்கு உடன்பாடானதன்று.

குண்டானை உடனே தண்ணீர் ஊற்றி ஊற வையுங்கள். காய்ந்துவிட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கரைக்காமல் மிஞ்சிய கட்டிக் கூழை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்தால் திங்கட்கிழமை காலை மோரில் கரைத்துக் குடிக்கலாம். அன்று தனியாக டிபன் செய்ய வேண்டியதில்லை.